மன நெரிசலைத் திரையில் கட்டுவது எப்படி: தொட்டால் கேட்கும் டிஜிட்டல் படைப்புக்கான முழுமையான வழிகாட்டி

இங்கே கட்டப்போவது இதுதான். கைப்பேசித் திரையில் எண்ணங்கள் வரிவரியாக வந்து குவிகின்றன. தட்டிவிட்டால் பெருகுகின்றன. ஒன்றின்மேல் விரலை வைத்து அப்படியே இருந்தால் மற்றவை மெதுவாகின்றன, பிடித்த வரி தனக்கு அடியில் கிடக்கும் உணர்வைக் காட்டுகிறது. பி5.ஜேஎஸ் (சுருக்கமாகப் பி5) என்ற, பிரவுசரில் படமும் அசைவும் வரைய உதவும் இலவச நிரல் நூலகம் போதும், தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே நெரிசலில் தொடங்குகிறார்கள். எண்ணங்கள் பறப்பது, மோதுவது, அலறுவது எல்லாம் எளிதாக வந்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அதற்கே நாள் போய்விடுவதால், பார்வையாளர் அதிலிருந்து எப்படி வெளியே வருவார் என்பது கடைசி நாளில் ஒட்டவைக்கும் பட்டனாக முடிகிறது. அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை தலைகீழ்: முதலில் அமைதி, அப்புறம்தான் இரைச்சல். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மற்றதை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு, பி5-இன் இணையப் பக்க எடிட்டரில் ஒரு கணக்கு. மாறி, வரிசைப் பட்டியல், 'இப்படியானால் இதைச் செய்' என்ற நிபந்தனை, இந்த மூன்றும் நிரலில் தெரிந்திருக்க வேண்டும். பி5 நிரலில் 'செட்டப்' என்ற பகுதி தொடக்கத்தில் ஒருமுறை ஓடும், 'டிரா' என்ற பகுதி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை ஓடும் என்பது புரிந்தால் மீதியைப் போகப்போகப் பிடித்துக்கொள்ளலாம்.

சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று கட்டாயம் வேண்டும். விலை குறைந்ததாக, இரண்டு மூன்று வருடம் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. மடிக்கணினியில் மவுஸால் மட்டும் சோதித்துப் பார்த்த படைப்பு, விரலுக்கு வரும்போது வேறு ஒன்றாகிவிடும். ஒரு ஹெட்ஃபோன், ஒரு நோட்டு, உங்கள் வரிகளைப் படித்து "இதை யாரும் இப்படி நினைக்க மாட்டாங்க" என்று நேராகச் சொல்லக்கூடிய ஒரு ஆள். இந்தக் கடைசித் தேவையைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். முதலில் அவரைத் தேடுங்கள்.

2. நிரலைத் திறக்காமல் வரிகளை எழுதுங்கள்

இந்தப் படைப்பின் உயிர் வரிகளில் இருக்கிறது. அசைவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், விரலை வைத்துக் காத்திருந்தவருக்குக் கிடைக்கும் சொல் வெறுமையாக இருந்தால் அவர் இன்னொரு முறை காத்திருக்க மாட்டார்.

ஒவ்வோர் எண்ணத்துக்கும் மூன்று அடுக்கு எழுதுங்கள். மேலே தெரிவது மனதில் திரும்பத் திரும்ப ஓடும் வாக்கியம். நடுவில் அதைத் தள்ளிப்போடும் காரணம். அடியில் உணர்வு.

மேல்: அம்மாவுக்குத் திரும்பக் கூப்பிடவே இல்ல
நடு: கூப்பிட்டா வேலை என்னாச்சுன்னு கேப்பாங்க
அடி: வெக்கமா இருக்கு

பேச்சுத் தமிழில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மனம் தன்னோடு பேசும்போது 'அழைக்கவில்லை' என்று பேசுவதில்லை. திரையில் எழுத்துத் தமிழ் வந்தால் பார்வையாளர் அதை அறிவிப்பாகப் படிக்கிறார். பேச்சு வழக்கில் வந்தால் தன் மனக்குரலாகக் கேட்கிறார். எந்த ஊர் வழக்கு என்பது உங்கள் முடிவு. ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். மதுரைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒரே திரையில் கலந்தால் அது ஒரு மனிதரின் மனமாக இருக்காது.

வரிகளில் வழக்கமாக வரும் பிழைகள் இவை.

முதலாவது, 'தனிமை', 'தோல்வி', 'மன அழுத்தம்' என்று ஒற்றைச் சொற்களைப் பறக்கவிடுவது. அது விழிப்புணர்வுச் சுவரொட்டி போல ஆகிவிடும். தனிமை என்ற சொல் யார் மனதிலும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. 'ஞாயித்துக்கிழமை யாருமே மெசேஜ் பண்ணல' என்பதுதான் ஓடுகிறது.

இரண்டாவது, எல்லா வரியும் ஒரே கனமாக இருப்பது. நெரிசல் என்பது பெரிய துயரங்களின் வரிசை இல்லை. 'கேஸ் புக் பண்ணணும்', 'சார்ஜர் எங்க வச்சேன்', 'அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடல' போன்ற சில்லறை எண்ணங்களுக்கு நடுவில்தான் கனமானது ஒளிந்துகொள்கிறது. பாதிக்கு மேல் சில்லறையாக இருக்கட்டும். அதிலும் சிலவற்றுக்கு அடி அடுக்கே வேண்டாம். 'பால் வாங்கணும்' என்ற வரியைப் பிடித்துக் காத்திருந்தால் 'பால் வாங்கணும், அவ்வளவுதான்' என்று வரட்டும். எல்லா எண்ணத்துக்கும் கீழே ஒரு காயம் இருப்பதாகக் காட்டுவது பொய், பார்வையாளர் அதைச் சீக்கிரம் உணர்ந்துவிடுவார். ஒன்றுமில்லாத வரி ஒன்று கிடைத்தால்தான் அடுத்த வரியில் வரும் உணர்வை நம்புவார்.

மூன்றாவதுதான் மிகவும் கெடுப்பது: அடி அடுக்கில் ஆறுதல் எழுதுவது. 'எல்லாம் சரியாகிவிடும்', 'நீ வலிமையானவள்' போன்ற வரிகள் உணர்வைக் கேட்காமல் அதன் வாயை மூடுகின்றன. கேட்பதைப் பற்றிய படைப்பு அறிவுரை சொல்லத் தொடங்கினால் அந்த இடத்தில் அது கேட்பதை நிறுத்திவிட்டது. அடியில் உணர்வின் பெயர் மட்டும் வரட்டும்.

பெயருக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மேனும் குழுவினரும் செய்து 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், முகப் படங்களில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் கொடுத்தபோது, பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் எதிர்வினை குறைந்தது. அதை வைத்து உங்கள் படைப்பு சிகிச்சை ஆகிவிடும் என்று எழுதிவிடாதீர்கள். அடியில் ஒரு வண்ணத்தையோ உருவத்தையோ மட்டும் காட்டாமல் சொல்லையே காட்டலாம் என்று முடிவெடுக்க அது போதும்.

பயம், கோபம், வருத்தம் என்ற மூன்றோடு நின்றுவிடாதீர்கள். ஏக்கம், ஆதங்கம், மனத்தாங்கல், சலிப்பு, பதைப்பு, பொறாமை, குற்ற உணர்வு என்று நமக்குச் சொல் இருக்கிறது. நிம்மதியையும் சேருங்கள். 'அவன் இன்னைக்கும் கூப்பிடல' என்ற வரிக்குக் கீழே 'நிம்மதியா இருக்கு' என்று வந்தால், தான் ஊகித்ததை விட்டுவிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவது பற்றிய வரிகளை இந்த வகைப் படைப்பில் வைக்காதீர்கள். வரிகள் எந்த வரிசையில் யாருக்கு வரும் என்பது உங்கள் கையில் இல்லை. பக்கத்தில் பேச ஆளில்லாத ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் திறக்கலாம்.

இருபது முதல் இருபத்தைந்து எண்ணங்கள் போதும். எழுதியதும் சத்தம் போட்டுப் படியுங்கள். வாயில் தடுக்கும் வரியை வெட்டுங்கள்.

3. இரண்டே செயல்கள்

பார்வையாளர் விரலால் என்ன செய்யலாம் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நம் படைப்பில் இரண்டுதான்: தட்டுவது, பிடித்திருப்பது. தட்டுவது எண்ணத்தைத் தள்ளிவிடுவது. பிடித்திருப்பது கேட்பது.

இழுப்பது, சுழற்றுவது, கைப்பேசியைக் குலுக்குவது, மைக்கில் ஊதுவது என்று சேர்க்கத் தோன்றும். வேண்டாம். செயல் அதிகமானால் பார்வையாளர் படைப்பை விளையாட்டாக எடுத்துக்கொண்டு, எது வேலை செய்கிறது என்று தேட ஆரம்பிப்பார். தேடும் மனம் கேட்காது.

மிகக் குறைந்த செயல்களைக் கருப்பொருளோடு பிணைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கனடாவின் கலைஞர் ஷார் டேவிஸ் 1995-இல் செய்த 'ஆஸ்மோஸ்' நல்ல உதாரணம். மெய்நிகர் உலகத்துக்குள் இருப்பவர் மூச்சை இழுத்தால் மேலே எழுவார், விட்டால் கீழே இறங்குவார். கையில் பிடிக்க எந்தக் கருவியும் கிடையாது. மூச்சும் உடலின் சாய்வும்தான் வழிநடத்தும்.

நாமும் மூச்சையே மைக்கில் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் மைக் அனுமதி கேட்கும் பெட்டி திரையில் எழுந்தவுடன், மன உணர்வு பற்றிய படைப்பு தன்னை ஒட்டுக்கேட்கப் போகிறதோ என்ற சந்தேகம் வந்துவிடும். மின்விசிறி ஓடும் அறையில் மைக் மூச்சையும் காற்றையும் குழப்பிக்கொள்ளும். முதல் படைப்புக்கு விரலே போதும்.

4. அமைதியை முதலில் கட்டுங்கள்

காலியான திரை. நடுவில் ஒரே ஓர் எண்ணம், மெல்ல மிதக்கிறது. இதை மட்டும் வைத்துக்கொண்டு 'பிடித்திருத்தல்' முழுமையாக வேலை செய்யும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இதற்கு 'வேகம்' என்று ஒரே ஒரு மாறியை வையுங்கள். சாதாரண நிலையில் அதன் மதிப்பு 1. யாராவது பிடித்திருந்தால் அதன் இலக்கு 0.15. ஒவ்வொரு பிரேமிலும், அதாவது 'டிரா' ஓடும் ஒவ்வொரு முறையும், 'லெர்ப்' என்ற ஃபங்ஷன் மூலம் இப்போதைய மதிப்பை இலக்கை நோக்கிக் கொஞ்சம் நகர்த்துங்கள். பின்னால் வரப்போகும் எல்லா அசைவையும் ஒலியையும் இந்த ஒரு எண்ணால் பெருக்கப் போகிறோம். இந்த மாறியை ஒவ்வோர் எண்ணத்துக்கும் தனித்தனியாக வைத்தால், அமைதி என்பது முப்பது இடத்தில் தனித்தனியாக நடக்க வேண்டியிருக்கும். எங்காவது ஒன்று விட்டுப்போகும், அந்த ஒன்று திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இலக்கை 0 என்று வைக்காததற்கும் காரணம் இருக்கிறது. எல்லாம் உறைந்து நின்றால் படம் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து விரலை எடுத்துவிடுகிறார்கள். மனமும் ஒரேயடியாக நிற்பதில்லை.

நேரக் கணக்கு: 0.4 நொடிக்குள் விரல் எழுந்தால் அது தட்டல், அதைத் தாண்டினால் பிடித்தல். நடு அடுக்கு 3 நொடியில் வரட்டும், அடி அடுக்கு 7 நொடியில். இதைக் குறைக்கச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள். நீங்களே நூறு தடவை சோதிக்கும்போது 7 நொடி தாங்க முடியாத நீளமாகத் தெரியும். குறைக்காதீர்கள். முதல்முறை பார்ப்பவருக்கு அந்தக் காத்திருப்புதான் படைப்பு. ஆனால் அந்த நேரத்தில் எதுவும் நடக்காமல் இருக்கவும் கூடாது. பிடித்தவுடன் வரி கொஞ்சம் பெரிதாக வேண்டும், சுற்றி ஒரு மெல்லிய ஒளி மெதுவாகப் பரவ வேண்டும். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற பதில் உடனே வந்தால், விடை தாமதமாக வருவதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

முன்னேற்றத்தைக் காட்டும் பட்டையோ நிரம்பும் வட்டமோ வைக்காதீர்கள். வட்டம் எப்போது நிரம்பும் என்று பார்க்கத் தொடங்கினால் வரியைப் படிக்க மாட்டார்கள்.

விரலை எடுத்தபின்? கேட்ட எண்ணம் மறைந்துவிடுவதாக வைத்தால், கேட்பது பிரச்சினையை அழிக்கும் வழி என்று ஆகிவிடுகிறது. அது உண்மையில்லை. என் தேர்வு: கேட்ட எண்ணம் அளவில் சிறுத்து, திரையின் அடியில் போய் அமர்ந்து, அங்கேயே இருக்கிறது. மதிப்பெண் கிடையாது, 'இன்னும் 12 பாக்கி' என்ற எண்ணிக்கை கிடையாது.

விரலில்தான் மூன்று தடைகள் காத்திருக்கின்றன. ஒன்று, கைப்பேசியில் அழுத்திப் பிடித்தால் பிரவுசர் தன் பட்டியலைத் திறக்கும், அல்லது எழுத்தைத் தேர்வு செய்யும். பக்கத்தின் ஸ்டைலில் எழுத்துத் தேர்வையும் தொடு அசைவுகளையும் நிறுத்துங்கள், 'கான்டெக்ஸ்ட்மெனு' நிகழ்வையும் தடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பிடித்திருத்தலைச் சோதிப்பதில் பயனில்லை. இரண்டு, விரலே வரியை மறைத்துவிடும். பிடித்தவுடன் வரியை விரலுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு உயர்த்தி வரையுங்கள். மூன்று, யாருடைய விரலும் ஆடாமல் நிற்காது. தொட்ட இடத்திலிருந்து சிறிது நகர்ந்தாலும் பிடி விடாமல் இருக்க, பிடித்தபோது எந்த எண்ணம் என்று குறித்துக்கொண்டு, விரல் எழும்வரை அதையே வைத்திருங்கள். ஒவ்வொரு பிரேமிலும் விரலுக்கு அடியில் எது இருக்கிறது என்று புதிதாகத் தேடினால், பக்கத்தில் வரும் வேறொரு எண்ணம் பிடியைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

5. தமிழ் எழுத்து உடையாமல் பார்த்துக்கொள்வது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களைப் பார்த்து வருகிறவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். அந்தப் பாடங்களில் எழுத்துருக் கோப்பை 'லோட்ஃபான்ட்' கொண்டு ஏற்றச் சொல்வார்கள். பி5-இன் 1 வரிசைப் பதிப்புகளில் அப்படி ஏற்றிய எழுத்துருவை நூலகமே தன் கையால் வரைகிறது, அதற்குத் தமிழின் இணைப்பு விதிகள் தெரியாது. 'கெ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

தீர்வு எளிது. எழுத்துருவைப் பக்கத்தின் ஸ்டைல் கோப்பில், இணைய எழுத்துருவாகச் சேருங்கள். நிரலில் 'டெக்ஸ்ட்ஃபான்ட்' அழைக்கும்போது அதன் பெயரை மட்டும் மேற்கோளுக்குள் கொடுங்கள். அப்போது எழுத்தை வரைவது பிரவுசர், அதற்குத் தமிழ் நன்றாகத் தெரியும். முப்பரிமாண வெப்ஜிஎல் முறையைத் தொடாதீர்கள், அங்கே இந்தத் தீர்வு எடுபடாது.

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ் சிறிய அளவிலும் தெளிவாக இருக்கும். மீரா இனிமைக்குக் கொஞ்சம் மென்மை உண்டு. கவிவனார் சாய்ந்த கையெழுத்துப் போல இருப்பதால் அடி அடுக்குக்கு ஆசை வரும். நெரிசலில் அதைப் படிப்பது கஷ்டம். மேல் அடுக்கும் அடி அடுக்கும் ஒரே எழுத்துருவில், வேறு அளவில் இருப்பதே என் பரிந்துரை, ஏனென்றால் பேசுவது ஒரே மனம்தான்.

எழுத்துரு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்கு முன்பே 'செட்டப்'பில் வரிகளின் அகலத்தை அளந்து வைத்தால் அளவு தவறாக இருக்கும், விரல் வரியின் மேல் இருந்தும் பிடிபடாது. 'ஏன் சில நேரம் மட்டும் வேலை செய்யவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிழை இது. எழுத்துருக்கள் தயார் என்று பிரவுசர் சொன்னபின் அளக்கவும்.

அடுத்தது எழுத்து எழுத்தாகத் தோன்ற வைப்பது. நிரலுக்கு 'கொ' என்பது ஓர் எழுத்தில்லை. 'க' ஒரு குறி, அதன்பின் ஒகரக் குறி தனியாக. வரியைக் குறி குறியாக வெட்டிக் காட்டினால் முதலில் 'க' தோன்றி, அப்புறம் கொம்பும் காலும் வந்து ஒட்டிக்கொண்டு வரியே துள்ளும். வெட்டியவற்றைத் தனித்தனியே பறக்கவிட்டால் புள்ளிவட்டத்தோடு ஒரு காலோ கொம்போ அநாதையாகத் திரியும். எழுத்தாக வெட்டியே தீர வேண்டுமென்றால் பிரவுசரிலேயே உள்ள 'இன்ட்ல் செக்மென்ட்டர்' அதைச் சரியாகச் செய்யும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் அது இரண்டாகப் பிரிக்கும், அவற்றை நீங்கள் சேர்த்துவிட வேண்டும். இதைவிட, வார்த்தை வார்த்தையாக மெல்லத் தெளிய வைப்பது நல்லது. தட்டச்சு செய்வது போன்ற தோற்றம் யாரோ வெளியிலிருந்து எழுதுவதாக உணர்த்தும். இங்கே பேசுவது உள்ளிருந்து.

6. இப்போது நெரிசல்

அமைதி வேலை செய்கிறது. இனி எண்ணங்களைச் சேருங்கள், மொத்தமாகக் கொட்டாமல்.

மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடியது ஏறத்தாழ நான்கு விஷயங்கள் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். படைப்பை அமைக்க இந்த எண் ரொம்ப உதவும். முதல் 15 நொடி மூன்று எண்ணங்கள் மட்டும் மிதக்கட்டும். பார்வையாளர் மூன்றையும் படிப்பார், 'சரி, புரிகிறது' என்று உட்காருவார். பிறகு நான்கு, ஐந்து, ஏழு. எந்த இடத்தில் படிப்பதை விட்டுவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பிக்கிறார் என்பதை அவர் உடலே உணரும். தொடக்கத்திலேயே நாற்பது வரிகளைக் கொட்டினால் அந்தக் கணம் கிடைக்காது. அவருக்கு அது பின்னணி அலங்காரம் மட்டும்.

கைப்பேசித் திரையில் 12 முதல் 15 எண்ணங்களே திணறவைக்கும். நெரிசல் எண்ணிக்கையால் வருவதைவிட, ஒன்றைப் படித்து முடிக்கும் முன் இன்னொன்று அதன்மேல் ஏறுவதால் வருகிறது. எல்லா வரியும் ஒரே வேகத்தில் மேலிருந்து விழுந்தால் மழை மாதிரி அழகாகி, மனதை அமைதிப்படுத்தவே செய்யும். ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு திசை வேண்டும். ஒன்றிரண்டு போனது போலப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். பெர்லின் நாய்ஸ் எனப்படும், இழைந்து மாறும் எண்களைத் தரும் 'நாய்ஸ்' ஃபங்ஷனை இதற்குப் பயன்படுத்தினால் அசைவு இயல்பாக இருக்கும். தாறுமாறான எண்களைத் தரும் 'ரேண்டம்' கொடுத்தால் வரிகள் நடுங்கும்.

அசைவைப் பிரேம் கணக்கில் எழுதாதீர்கள். மலிவான கைப்பேசி நொடிக்கு 25 பிரேம்தான் வரையும், அங்கே உங்கள் நெரிசல் பாதி வேகத்தில் தூங்கும். முந்தைய பிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று 'டெல்டாடைம்' தரும் மில்லி நொடியால் பெருக்குங்கள். அதையும் 50-க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள். பார்வையாளர் நடுவில் வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால் இடைப்பட்ட நேரம் முழுவதும் ஒரே எண்ணாக வந்து, எல்லா எண்ணங்களும் திரையை விட்டு ஒரே தாவில் ஓடிவிடும்.

படம் திக்கினால் முதலில் பார்க்க வேண்டியது மங்கல் விளைவை. பின்னணி எண்ணங்களை மங்கலாக்க 'ஃபில்டர்' போட்டால் கைப்பேசி தவிக்கும். ஒளிபுகும் அளவைக் கூட்டினாலே தள்ளிப்போன உணர்வு வந்துவிடும். அடுத்து, ஒவ்வொரு வரியையும் 'கிரியேட்கிராஃபிக்ஸ்' மூலம் ஒருமுறை படமாக வரைந்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தை நகர்த்துங்கள்.

7. தட்டல் பெருக்கட்டும்

தட்டினால் எண்ணம் விலகும், 2 நொடி கழித்து இரண்டாகத் திரும்பும். இரண்டாவது வரி அதே வரியின் பதற்றமான வடிவம்: 'கேஸ் புக் பண்ணணும்' தட்டப்பட்டால் 'கேஸ் தீந்துட்டா என்ன பண்றது' என்றும் ஒன்று சேர்ந்து வரும். எனவே இரண்டாம் படியில் எழுதிய வரிகளில் சிலவற்றுக்கு இந்தப் பதற்ற வடிவத்தையும் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அந்த 2 நொடித் தாமதம் முக்கியம். உடனே பெருகினால் தட்டியதற்குத் தண்டனை போலத் தெரியும். விலகியது, ஒரு நிம்மதி, அப்புறம் திரும்ப வந்தது என்றால்தான், தள்ளிப்போட்ட விஷயம் நடந்துகொள்ளும் விதம் அதில் இருக்கும்.

மொத்த எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பு வையுங்கள், 30 போதும். சிலர் வேகமாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வரம்பில்லையென்றால் கைப்பேசி நின்றுவிடும். வரம்பைத் தொட்டபின் தட்டல் எதையும் செய்யாமல் போகட்டும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் விரலை எங்காவது வைத்துவிட்டு நிற்கிறார்கள், பிடித்திருத்தலைத் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள். தானாகக் கண்டுபிடித்தவர் அதை விடுவதில்லை. இருந்தாலும் 40 நொடி வரை யாரும் பிடிக்கவில்லையென்றால், ஓர் எண்ணத்தின் ஓரத்தில் மெல்லிய ஒளி துடித்து அழைக்கலாம். 'அழுத்திப் பிடிக்கவும்' என்று எழுதிக் காட்டுவதைக் கடைசி வழியாக வையுங்கள்.

8. ஒலி

பிரவுசர் பார்வையாளர் தொடும்வரை ஒலியை விடாது. எனவே தொடக்கத் திரையில் 'தொடங்கலாம்' பட்டன் வேண்டும், அதன் அழுத்தத்திலேயே ஒலியை எழுப்புங்கள். இதை மறந்தால் மடிக்கணினியில் கேட்டது கைப்பேசியில் ஊமையாக இருக்கும்.

கேட்க என்ன வைப்பது? சோக இசை வேண்டாம். அது என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். வீட்டிலிருந்தே பதிவு செய்யுங்கள்: குக்கர், தண்ணீர் மோட்டார், தெருவில் ஹாரன், பக்கத்து வீட்டு டிவி, மெசேஜ் வரும் சத்தம். எண்ணங்கள் கூடக்கூட இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறட்டும். பிடித்தவுடன் 'வேகம்' மாறியோடு சேர்ந்து எல்லாம் இறங்கி, அடியில் முதலிலிருந்தே ஓடிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய ஒலி வெளியே கேட்கட்டும். மின்விசிறிச் சத்தமே போதும். புதிய ஒலியைக் கொண்டுவராமல் இருந்ததைக் கேட்க வைப்பதுதான் இந்தப் படைப்பு சொல்வதோடு பொருந்தும்.

ஒலி அளவை ஒரே தாவில் மாற்றினால் 'டிக்' என்று வெட்டுச் சத்தம் வரும். குறைந்தது 0.05 நொடியில் ஏற்றி இறக்குங்கள். மொத்த ஒலிக்கும் மேல்வரம்பு வைத்து, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு சோதியுங்கள். ஸ்பீக்கரில் பரவாயில்லை என்று தோன்றுவது காதுக்குள் அடியாக விழும்.

9. வெளியேறும் வழி

இது அலங்காரப் படி இல்லை, இதை முடிக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

'போதும்' என்ற பட்டன் முதல் நொடியிலிருந்து கடைசிவரை ஒரே மூலையில், அசையாமல், நெரிசல் மேலே ஏறாமல் இருக்க வேண்டும். அழுத்தினால் 'நிச்சயமாகவா' என்று கேட்காமல் ஒலியும் அசைவும் நிற்க வேண்டும். நெரிசலை உணர்த்துவதற்காக வெளியேறும் வழியையும் ஒளித்துவைக்கும் யோசனை சிலருக்கு வரும். திணறுகிறவரைப் பூட்டிவைப்பது கலையின் உரிமை என்று நான் நினைக்கவில்லை.

தொடக்கத் திரையில் இரண்டு வரி போதும்: எண்ணங்கள் குவிவதும் சத்தம் கூடுவதும் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். திரை மின்னுவதைத் தவிருங்கள். இணையத்தில் எல்லாருக்கும் அணுகலுக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை, எந்த ஒரு நொடியிலும் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்கிறது. ஒளிமின்னலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கைப்பேசியில் அசைவைக் குறைக்கும் அமைப்பை ஒருவர் வைத்திருந்தால் பிரவுசர் அதை உங்களுக்குச் சொல்லும். அவருக்கு எண்ணங்கள் பறக்காமல் தோன்றி மறையட்டும்.

பார்வையாளர் தன் எண்ணத்தைத் தட்டச்சு செய்யும் வசதி வைத்தால், அது அந்தக் கைப்பேசியின் நினைவில் மட்டும், பக்கத்தை மூடினால் அழிந்துவிடும்படி இருக்கட்டும். எங்கும் அனுப்பாதீர்கள், சேமிக்காதீர்கள். எதைப் பிடித்தார், எதைத் தட்டினார் என்று கணக்கெடுக்கவும் வேண்டாம். 'உங்களுக்குப் பதற்றம் அதிகம்' என்று முடிவில் மதிப்பீடு காட்டுவது இன்னும் மோசம், அதைச் சொல்ல உங்களுக்கோ நிரலுக்கோ தகுதி இல்லை.

முடிவுத் திரையில் உதவி எண்ணை எழுதுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, நாள் முழுவதும் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. வேறு நாட்டில் காட்டுவதாக இருந்தால் அந்த நாட்டின் எண்.

10. பிறர் கையில் கொடுத்துப் பார்ப்பது

கைப்பேசியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'இங்க அழுத்திப் பிடிங்க' என்று நீங்கள் சொல்லிவிட்டால் அந்தச் சோதனை முடிந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், அது அவரைச் சங்கடப்படுத்தும். கையைப் பாருங்கள். எங்கே தயங்குகிறது, எப்போது வேகமாகத் தட்டுகிறது, எந்த வரியில் நிற்கிறது.

முடிந்ததும் 'நல்லா இருந்துச்சா' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'எந்த வரி ஞாபகம் இருக்கு' என்று கேளுங்கள். யாருக்கும் ஞாபகமில்லாத வரிகளை எடுத்துவிடலாம். 'எப்போ நிறுத்தணும்னு தோணுச்சு' என்றும் கேளுங்கள். அந்தக் கணம் பிடித்திருத்தலைக் கண்டுபிடிக்கும் முன்பே வந்திருந்தால், நெரிசல் சீக்கிரம் ஏறுகிறது என்று அர்த்தம்.

வயதானவர் ஒருவரிடமும் கொடுங்கள். எழுத்தளவு சிறியது என்பதும், 0.4 நொடி என்ற எல்லை அவருடைய நிதானமான தட்டலைக் கூடப் பிடித்தலாக எடுத்துக்கொள்கிறது என்பதும் அங்கேதான் தெரியும். அப்படியென்றால் 0.6-க்கு ஏற்றலாம்.

யாராவது கண் கலங்கினால் திரையைப் பற்றிய கேள்விகளை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். குறிப்பெடுக்க வேண்டாம்.

11. வெளியிடுதல்

படைப்பை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸ், இட்ச்.ஐஓ இரண்டுமே இலவசம். பி5 எடிட்டரிலிருந்து கோப்புகளைப் பதிவிறக்கி அப்படியே ஏற்றலாம். ஒலிக் கோப்புகளை எம்பி3 ஆக்கிச் சுருக்குங்கள். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் இணைப்பை அனுப்பி, அங்கிருந்தே திறந்து பாருங்கள். பலர் வரப்போவது அந்த வழியில்தான்.

கண்காட்சியில் டேப்லெட்டில் வைப்பதாக இருந்தால், 60 நொடி யாரும் தொடவில்லையென்றால் தொடக்கத் திரைக்குத் தானாகத் திரும்பும்படி செய்யுங்கள். இல்லையென்றால் முன்னவர் கேட்டுவிட்டுப் போன எண்ணங்களோடு அடுத்தவர் தொடங்க வேண்டியிருக்கும். உட்கார நாற்காலி போடுங்கள். நின்றுகொண்டே 7 நொடி விரலைப் பிடித்திருக்கும் பொறுமை, பின்னால் வரிசை நிற்கும்போது யாருக்கும் இருக்காது. திறப்பதற்கு முந்தைய நாள் உதவி எண்களை ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டு, மாறியிருந்தால் முடிவுத் திரையில் திருத்திவிடுங்கள்.